மக்காடமியா கொட்டை: உரிப்பது முதல் தட்டில் வைப்பது வரை முழு வழிகாட்டி

மக்காடமியாவைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். ஈரம் வடிவதற்குள் அவனில் (கேக் சுடும் மின்னடுப்பில்) வைத்துவிடுகிறார்கள், காய்வதற்குள் சுத்தியலைத் தூக்குகிறார்கள், வறுத்தது ஆறுவதற்குள் டப்பாவை மூடிவிடுகிறார்கள். கொட்டை விலை குறைவானதல்ல, ஓடும் சாமானியத்தில் உடையாது. இவ்வளவு பாடுபட்டு நமத்த பருப்பையோ காறல் வாடை அடிக்கும் பருப்பையோ சாப்பிட வேண்டியதில்லை.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளியே இருப்பது பச்சைத் தோல். அதற்குள் கோலிக்குண்டு போல உருண்டையான, கெட்டியான பழுப்பு ஓடு. அதற்குள் வெண்ணெய் நிறத்தில் பருப்பு. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த மூன்று சொற்களையே பயன்படுத்துகிறோம்.

## 1. உங்கள் கையில் இருப்பது எந்த நிலையில்?

மரத்தடியில் பொறுக்கிய, பச்சைத் தோல் உரிக்காத கொட்டை என்றால் 3-ஆம் பகுதியிலிருந்து வரிசையாக வாருங்கள்.

ஓட்டோடு வாங்கியது என்றால் முதலில் ஐந்தாறு கொட்டைகளைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பருப்பு உருளும் சத்தம் கேட்டால் காய்ந்த கொட்டை, 7-ஆம் பகுதிக்குப் போகலாம். சத்தமே இல்லாவிட்டால் பருப்பு இன்னும் ஈரத்தில் உப்பி ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், 5-இலிருந்து தொடங்குங்கள். சில கொட்டைகள் நன்றாகக் காய்ந்தும் சத்தம் போடாது. அதனால் ஒரே ஒரு கொட்டையைக் குலுக்கிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

ஓட்டில் நடுவாக ஒரு கீறல் போட்டு, கூடவே ஒரு சிறு உலோகச் சாவி வைத்து விற்கும் கொட்டைகள் ஏற்கெனவே உலர்த்தியவை. அவற்றுக்கு உடைக்கும் வேலையே பாதிதான். ஆனால் அந்தக் கீறல் வழியாகக் காற்று உள்ளே போய்வரும் என்பதால், முழு ஓட்டுக் கொட்டை போல மாதக்கணக்கில் வெளியே வைக்க முடியாது.

வெறும் பருப்பாக வாங்கியவர்கள் 8-ஐ ஒரு பார்வை பார்த்துவிட்டு 9-க்குப் போங்கள்.

## 2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

- கிராம் காட்டும் சமையல் தராசு. இது இல்லாமல் உலர்த்தல் முடிந்ததா என்பது வெறும் ஊகம்தான்.
- அவனுக்குள் வைக்கும் வெப்பமானி. அவனின் திருகில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் குறைந்த வெப்பநிலையில் நிறையவே வித்தியாசப்படும்.
- வெங்காயம் கட்டிவரும் வலைப்பை போன்ற வலைப்பைகள், அல்லது கம்பிவலை அடித்த தட்டுகள்.
- உடைக்க: திருகு வைத்த மக்காடமியா உடைப்பான், அல்லது மேசையில் பொருத்திய வைஸ் (பொருளைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி), அல்லது சுத்தியலும் குழி வெட்டிய மரக்கட்டையும்.
- கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.
- மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டில்கள், முடிந்தவரை சின்னதாக.

அளவைப் பற்றி ஒரு கணக்கு: காய்ந்த ஓட்டுக் கொட்டை 1 கிலோ உடைத்தால் 300 முதல் 400 கிராம் பருப்புதான் கிடைக்கும், மீதி எல்லாம் ஓடு. அதற்கேற்ற பாட்டிலை எடுத்து வையுங்கள். பெரிய பாட்டிலில் பாதி காலியாக இருந்தால் அந்தக் காலியிடக் காற்றே பருப்பைக் கெடுக்கும்.

## 3. பொறுக்குவதும் பச்சைத் தோல் உரிப்பதும்

முற்றிய கொட்டை தானாக விழும். வெளியிலிருந்து பார்த்து முற்றியதா என்று சொல்வது கடினம், ஏனென்றால் முழு அளவு வளர்ந்த பிறகும் உள்ளே எண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மரத்தை உலுக்கிப் பறிக்காமல் விழுந்ததைப் பொறுக்குவதே நல்லது. பறித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்றைப் பிளந்து பச்சைத் தோலின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இளசு, பழுப்பாக மாறியிருந்தால் முற்றியது.

வாரம் ஒருமுறையாவது பொறுக்குங்கள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. ஈரத் தரையில் கிடக்கும் கொட்டைக்கு எலி, பூசணம், முளைப்பு மூன்றும் காத்திருக்கின்றன.

பொறுக்கிய 24 மணி நேரத்துக்குள் பச்சைத் தோலை உரித்துவிட வேண்டும். கொட்டை இன்னும் உயிருள்ள விதை, அது மூச்சுவிடும். தோலோடு குவித்து வைத்தால் குவியலுக்குள் சூடு ஏறும், தோல் புளிக்கும், அந்த வாடையும் பூசணமும் பருப்புக்குள் இறங்கும். சாக்கில் போட்டு ஒரு வாரம் மூலையில் வைத்துவிட்டு 'வறுத்தும் ருசியில்லையே' என்பவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தோல் தானே ஒரு கோட்டில் வெடித்திருந்தால் கையாலேயே பிரிந்துவிடும். வெடிக்காததைத் தரையில் வைத்து, ஒரு பலகைத் துண்டை மேலே போட்டு, காலால் அழுத்தி உருட்டினால் தோல் கழன்றுவிடும். கத்தியால் கீற வேண்டாம். உருண்டையான பொருளில் கத்தி எப்போதும் கையைத்தான் தேடிவரும்.

## 4. உலர்த்தும் முன் ஒரு கழிவு

தோல் உரித்த ஈரக் கொட்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலானவை சொத்தை: பருப்பு சூம்பியிருக்கும், பூச்சி தின்றிருக்கும், அல்லது உள்ளே வெற்றிடமாக இருக்கும். மிதப்பதைத் தூக்கி எறியுங்கள். மூழ்கியதை உடனே வெளியே எடுத்து, துணியால் துடையுங்கள். தண்ணீரில் ஊறவிடக் கூடாது.

இந்தச் சோதனை உலராத கொட்டைக்கு மட்டும். காய்ந்த ஓட்டுக் கொட்டைக்குள் பருப்பு சுருங்கி, நல்லதிலும் காற்றிடம் வந்துவிடும். அதைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதே என்று நல்ல கொட்டையை எறிபவர்கள் உண்டு.

ஓட்டில் துளை, விரிசல், முளை எட்டிப்பார்க்கும் கொட்டை ஆகியவற்றையும் இப்போதே நீக்குங்கள். ஒரு சொத்தையின் பூசணம் பக்கத்துக் கொட்டைகளுக்கும் பரவும்.

## 5. நிழலில் உலர்த்துதல்: 2 முதல் 3 வாரம்

வலைப்பையில் பாதிவரை மட்டும் நிரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிடுங்கள். தட்டில் என்றால் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

வெயிலில் ஏன் கூடாது? மேலோடு வேகமாகச் சூடேறி, வெடித்து, அந்த விரிசல் வழியாகக் காற்றும் பூச்சியும் உள்ளே போகும். உள்ளே ஈரமாக இருக்கும் பருப்பும் சூட்டில் நிறம் மாறத் தொடங்கும்.

புதிதாக விழுந்த கொட்டையில் ஓட்டோடு சேர்த்து ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை தண்ணீர்தான். நிழல் உலர்த்தலின் நோக்கம் அதை 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும்.

ஒரு சின்ன வலைப்பையில் சரியாக 1 கிலோ ஈரக் கொட்டையை நிறுத்துப் போட்டு, அடையாளத்துக்குச் சிவப்புக் கயிறு கட்டி, மற்றவற்றோடு சேர்த்தே தொங்கவிடுங்கள். இனி இந்த ஒரு பையை மட்டும் நிறுத்தால் போதும். அது 830 முதல் 890 கிராமுக்குள் இறங்கினால் நிழல் வேலை முடிந்தது. தொடக்கத்தில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதைப் பொறுத்து எடை இந்த வரம்புக்குள் எங்கும் நிற்கலாம். நாள்தோறும் இறங்கிய எடை, மூன்று நாளாக ஒன்றிரண்டு கிராம் மட்டுமே இறங்குகிறது என்றால் நிழல் காற்றால் அதற்கு மேல் இழுக்க முடியாது என்று பொருள்.

## 6. மெல்லிய சூட்டில் உலர்த்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைக் கவனமாகப் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

நிழலில் காய்ந்த கொட்டை உடைக்கக் கிடைத்துவிடும், தின்னவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மொறுமொறுப்பு வராது, நாளும் தாங்காது. பருப்பின் ஈரம் 1.5 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் 'டக்'கென்று உடையும் அந்தப் பதம் வரும். அதற்குச் சூடு வேண்டும், ஆனால் இரண்டு படியாக.

முதல் படி, 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், 2 நாள். ஈரம் மிச்சமிருக்கும்போது இதற்கு மேல் சூடு காட்டினால் பருப்பிலுள்ள சர்க்கரை உடைந்து, எளிதில் பழுப்பேறும் சர்க்கரையாக மாறிவிடும். அப்போது கேடு வெளியே தெரியாது. வறுக்கும்போதுதான் பருப்பின் மேற்புறம் வெளிறியிருக்க, நடுவில் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பொட்டு கருகி, கசப்பும் வரும். அந்தக் கட்டத்தில் திருத்த வழியே இல்லை.

இரண்டாம் படி, 50 டிகிரி, 1 முதல் 2 நாள். ஈரம் பெருமளவு போய்விட்டதால் இப்போது இந்தச் சூடு பருப்பைக் கெடுக்காது. கடைசி ஈரத்தை வெளியே தள்ளவும் இந்தச் சூடு தேவை.

உணவு உலர்த்தும் பெட்டி இருந்தால் இந்த வேலைக்கு அதுதான் நல்லது: சூடும் சீராக இருக்கும், விசிறியும் உண்டு. அவனில் செய்பவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, விரற்கடை அளவு திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் வெளியேறும் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல அவன்களின் குறைந்தபட்சச் சூடே 50-க்கு மேல் இருக்கும். அப்படிப்பட்ட அவனில் முதல் படியைச் செய்ய வேண்டாம். அதற்குப் பதில் நிழல் உலர்த்தலை இன்னும் இரண்டு வாரம் நீட்டி, எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் ஓர் இடத்தில் கொட்டையை வைத்துவிட்டு, பிறகு 50-க்குப் போங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நடு கருகாது.

முடிந்ததா என்று பார்க்க இரண்டு வழி:

சிவப்புக் கயிறு கட்டிய பை 780 முதல் 830 கிராமுக்குள் வந்து, 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாமல் நிற்க வேண்டும். அதோடு மூன்று கொட்டைகளை உடைத்து, முழுக்க ஆறவிட்டு, பருப்பைக் கடியுங்கள். சூடாக இருக்கும்போது நன்றாகக் காய்ந்த பருப்பும் மெத்தென்றுதான் இருக்கும். இது தெரியாமல் மேலும் மேலும் உலர்த்திக்கொண்டே போவது இன்னொரு வழக்கமான தவறு. ஆறிய பருப்பு ரப்பர் போல வளைந்தால் இன்னும் ஒரு நாள், சுத்தமாக இரண்டாக முறிந்தால் போதும்.

மைக்ரோவேவ் அவனில் ஓட்டுக் கொட்டையை வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே நீராவி அடைபட்டு ஓடு வெடிக்கும்.

## 7. உடைத்தல்

உலர்த்திய கொட்டை அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் இந்த வேலை. காய்ந்த பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகி நிற்கும், அந்த இடைவெளிதான் பருப்பு முழுசாக வெளிவரக் காரணம். ஈரக் கொட்டையை உடைத்தால் பருப்பு பாதி ஓட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். எந்தப் பக்கம் வைத்து அடிப்பது என்று ஆளாளுக்கு ஒரு உத்தி சொல்வார்கள். கொட்டை காய்ந்திருந்தால் எந்தப் பக்கமும் சரிதான், காயாவிட்டால் எந்தப் பக்கமும் உதவாது.

வாதுமைக்கும் அக்ரூட்டுக்கும் உள்ள இடுக்கி வகை உடைப்பான் இதற்குத் தாங்காது. ஒன்று கைப்பிடி வளையும், இல்லையென்றால் கொட்டை வழுக்கி எங்கோ பறக்கும்.

வைஸ் அல்லது திருகு உடைப்பான். கொட்டையைக் கருவியின் பற்களுக்கு நடுவே வைத்து, பிடிக்கும்வரை திருகுங்கள். பிறகு கால் கால் சுற்றாக. ஒரு கட்டத்தில் 'டிக்' என்று மெல்லிய சத்தம் வரும். அங்கேயே நிறுத்துங்கள். கொட்டையை எடுத்து, கால்வாசி திருப்பி வைத்து, மறுபடி அடுத்த 'டிக்' வரை. இரண்டு விரிசல் குறுக்கே வெட்டிக்கொண்டதும் ஓடு கையோடு பிரியும். முதல் சத்தத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் திருகுபவர்களுக்குப் பருப்புத் தூள்தான் கிடைக்கும், ஏனென்றால் ஓடு விட்டுக்கொடுத்த மறுகணம் முழு அழுத்தமும் பருப்பின் மேல் இறங்கிவிடுகிறது.

சுத்தியல். கெட்டியான மரக்கட்டையில் 2 சென்டிமீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். கொட்டையின் பாதி குழிக்குள் உட்கார வேண்டும். மேலே ஒரு தடித்த துணியைப் போட்டு, சுத்தியலை உயரத்திலிருந்து ஓங்காமல், குறைந்த உயரத்திலிருந்து உறுதியாக ஒரே அடி. இரண்டு மூன்று தட்டாகத் தட்டினால் பருப்பு உள்ளேயே குலுங்கி உடையும். துணி இல்லாமல் அடித்தால் ஓட்டுச் சில்லு கண்ணுக்கு வரும்.

கீறல் போட்ட கொட்டை. சாவியின் முனையைக் கீறலில் செருகி, மணிக்கட்டைத் திருப்பினால் போதும். நெம்பாதீர்கள், சாவி வளையும்.

பல்லால் உடைக்க முயல வேண்டாம் என்று சொல்லவே தேவையில்லை என்று நினைக்கலாம். இருந்தாலும் சொல்லிவைக்கிறோம்.

## 8. பருப்பைத் தரம் பிரித்தல்

உடைந்த ஓட்டின் உட்புறத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு பகுதி பளபளக்கும் கரும்பழுப்பு, மறுபகுதி பீங்கான் போன்ற வெண்ணெய் நிறம். இந்த வெண்ணெய் நிறச் சில்லுதான் ஆபத்து: பருப்புத் துண்டு போலவே இருக்கும், கடித்தால் பல் போகும். அதனால் வெள்ளைத் தட்டில் பொறுக்காமல் கருநிறத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு துண்டையும் விரலால் தொட்டு எடுங்கள். பருப்பு எண்ணெய்ப் பசையோடு வழுக்கும், ஓடு நகத்தில் பட்டால் கிணுங்கும். முழுப் பருப்பைவிட நொறுங்கல்களில்தான் சில்லு ஒளிந்திருக்கும். நொறுங்கலை மிக்சியில் போடுமுன் இரண்டாம் முறை பாருங்கள்.

பூசணம் தெரிந்தால், பருப்பின் மேல் பஞ்சு போன்றோ பச்சை, கருப்புப் புள்ளியாகவோ இருந்தால், அந்தப் பருப்பை முழுதாக எறியுங்கள். சுரண்டிவிட்டு மீதியைத் தின்பது வேண்டாம். சில பூசணங்கள் விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது.

கசக்கும் பருப்பைத் துப்பிவிடுங்கள். தின்னும் மக்காடமியா மெல்லிய இனிப்போடு இருக்கும். காட்டு வகைகள் சிலவற்றில் சயனைடு வெளிவிடும் பொருள் உண்டு, கசப்புதான் அதன் அடையாளம். ஒரு மரத்தின் கொட்டை எல்லாமே கசந்தால் அந்த மரத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

நிறைய பருப்பு இருந்தால் மட்டும் இன்னொரு தண்ணீர்ச் சோதனை உண்டு. காய்ந்த பருப்பைத் தண்ணீரில் போட்டால் முற்றியது மிதக்கும். எண்ணெய் 72 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் தண்ணீரைவிட இலேசு. இளசு மூழ்கும். ஓட்டுக் கொட்டைக்குச் சொன்னதற்கு நேர்மாறு என்பதைக் கவனியுங்கள். மூழ்கியதும் தின்னக்கூடியதுதான், ஆனால் எண்ணெய் குறைவு, சர்க்கரை அதிகம் என்பதால் வறுக்கும்போது சீக்கிரம் கருகும். இரண்டையும் ஒரே தட்டில் வறுத்தால் ஒன்று கருகியிருக்கும்போது மற்றது பச்சையாக இருக்கும். சோதனையைச் சில நொடிகளில் முடித்து, துடைத்து, 50 டிகிரியில் ஒரு மணி நேரமாவது திரும்ப உலர்த்துங்கள். கால் கிலோ பருப்புக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை.

## 9. வறுத்தல்

அவனை 125 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பருப்பைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். முழுப் பருப்பு, அரைப் பருப்பு, நொறுங்கல் மூன்றையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். எண்ணெய் வேண்டாம், பருப்பில் உள்ளதே போதும்.

10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். நொறுங்கல் 12 நிமிடத்திலிருந்தும், முழுப் பருப்பு 20 நிமிடத்திலிருந்தும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். முழுப் பருப்புக்குப் பொதுவாக 25 முதல் 40 நிமிடம் ஆகும். வெண்ணெய் நிறம் வைக்கோல் நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய பொன்னிறம் வரும்வரை உள்ளே வைத்திருந்தால் தாமதமாகிவிடும். பருப்பில் எண்ணெய் அதிகம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் வறுபட்டுக்கொண்டே இருக்கும். எடுத்தவுடன் வேறொரு ஆறிய தட்டுக்கு மாற்றுங்கள்.

கடாயில் வறுப்பதானால் அரைப் பருப்பு அல்லது நொறுங்கலை மட்டும் எடுங்கள், தீ மிகக் குறைவாக, கை நிற்காமல் 8 முதல் 12 நிமிடம். முழுப் பருப்பு கடாயில் உருண்டு ஒரே புள்ளியில் கருகும். 170, 180 டிகிரியில் சீக்கிரம் முடிக்கலாம் என்று முயல்பவர்களுக்கு மேலே பழுப்பும் உள்ளே பச்சையுமாகத்தான் கிடைக்கும்.

வறுத்த பருப்பு சீக்கிரம் காறிப்போகும். ஆகவே இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வறுத்து, மீதியைப் பச்சையாகவே வையுங்கள்.

உப்பு சேர்க்க: பருப்பின் மேல் உப்பைத் தூவினால் அது பாட்டிலின் அடியில்தான் போய்ச் சேரும். 200 கிராம் பருப்புக்கு அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, வறுத்துச் சூடாக இருக்கும் பருப்பில் ஊற்றிப் பிரட்டி, அதே 125 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைத்து எடுங்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி 10 நிமிடத்தைத் தவிர்த்தால் மறுநாளே நமத்துவிடும்.

## 10. சேமித்தல்

பருப்பைக் கெடுப்பவை நான்கு: காற்று, வெளிச்சம், சூடு, ஈரம். முதல் மூன்றும் எண்ணெயைக் காறவைக்கும், நாலாவது நமக்கவைத்துப் பூசணத்தையும் கூட்டிவரும்.

- நன்கு காய்ந்த ஓட்டுக் கொட்டை, காற்றுப்புகாத டப்பாவில், குளுமையான இருட்டில்: 4 முதல் 6 மாதம்.
- பச்சைப் பருப்பு: வெளியே 1 மாதம், ஃப்ரிட்ஜில் 6 மாதம், ஃப்ரீசரில் 1 வருடம்.
- வறுத்தது: வெளியே 2 வாரம், ஃப்ரிட்ஜில் 2 மாதம்.

வறுத்த பருப்பு முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். மூடியின் உட்புறத்தில் ஒரு துளி நீர் கண்டாலும் அந்தப் பாட்டில் முழுதும் நமத்துப்போகும்.

100 முதல் 150 கிராம் பிடிக்கும் சின்னப் பாட்டில்களில் விளிம்புவரை நிரப்புங்கள். ஒரு பெரிய டப்பாவைத் தினமும் திறந்து மூடுவது, தினமும் புதுக் காற்றை உள்ளே விடுவதற்குச் சமம். பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடி மேல். இந்த எண்ணெய்ப் பருப்பு பக்கத்தில் இருக்கும் வெங்காய வாடையைக்கூட உறிஞ்சிக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது. மூடியபடியே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த பருப்பின் மேல் அறைக் காற்று பட்டால் வியர்த்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் ஃப்ரிட்ஜில் வைத்தது நமத்துப்போகிறதென்றால், பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம்.

நமத்தது வேறு, காறியது வேறு. நமத்த பருப்பை 100 டிகிரியில் 10 நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டுவிடும். பழைய பெயின்ட் போல வாடையடித்து, தொண்டையின் பின்புறம் கமறும் பருப்பு காறியது. அதை வறுத்தாலும் மசாலாவில் மறைத்தாலும் மீளாது.

## 11. யாருக்குக் கொடுக்கக் கூடாது

நாய்க்கு ஒன்றுகூட வேண்டாம். மக்காடமியா நாய்க்கு நஞ்சு. தின்ற 12 மணி நேரத்துக்குள் பின்னங்கால்கள் தளர்ந்து நிற்க முடியாமல் போகும், வாந்தி, நடுக்கம், காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தேறிவிடும் என்றாலும், தின்றது தெரிந்தவுடன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், எத்தனை பருப்பு என்பதையும் நாயின் எடையையும் சொல்லுங்கள். பருப்பு போட்ட பிஸ்கட்டும் இதில் அடக்கம். அதில் சாக்லெட்டும் இருந்தால் இரட்டை ஆபத்து.

5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு கொடுக்காதீர்கள். உருண்டை, வழுக்கல், மூச்சுக்குழாயை அடைக்கச் சரியான அளவு. முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ருசிகூடப் பார்க்கக் கூடாது.

## 12. சாப்பிடுதலும் சமையலும்

ஒரு வேளைக்கு 30 கிராம், அதாவது 10 முதல் 12 முழுப் பருப்பு. அதிலேயே ஏறக்குறைய 215 கலோரி இருக்கிறது, 100 கிராமில் 75 கிராம் கொழுப்பு. கொழுப்பில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலிக் அமில வகைதான். இருந்தாலும் பாட்டிலோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கு தப்பும். எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மூடிவிடுங்கள்.

பிஸ்கட், கேக்கில். முழுப் பருப்பைப் போட்டால் வெட்டும்போது உருண்டு வெளியே விழும், நாலாக நறுக்குங்கள். மாவுக்குள் போடுவதை முன்கூட்டியே இலேசாக வறுத்துவிடுங்கள். மாவின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அதற்குள் இருக்கும் பருப்பு வறுபடாது, வெந்துதான் கிடக்கும். மேலே தூவுவதைப் பச்சையாகவே தூவுங்கள், அவன் சூடு நேரடியாகப் பட்டு அதுவே வறுபட்டுவிடும்.

பொடிக்க. பருப்பை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, செய்முறையில் உள்ள மாவு அல்லது சர்க்கரையில் இரண்டு கரண்டி சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பொடிக்குப் பதில் விழுதுதான் கிடைக்கும்.

பருப்பு வெண்ணெய். இங்கே தொடர்ந்துதான் ஓட்ட வேண்டும். 300 கிராம் வறுத்த பருப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்சியில் போடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஓரத்தில் ஒட்டிக் கட்டியாகும், வழித்துவிட்டு ஓட்டினால் 3 முதல் 6 நிமிடத்தில் கஞ்சிப் பதத்துக்கு இளகும். ஒவ்வொரு நிமிடமும் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். வேர்க்கடலை வெண்ணெயைவிட நீர்த்தே இருக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். தண்ணீரோ தேனோ சேர்க்காதீர்கள். ஒரு கரண்டி ஈரம் பட்டாலும் மொத்தமும் திரண்டு கட்டியாகும். இனிப்பு வேண்டுமென்றால் பொடித்த சர்க்கரை.

பால். 100 கிராம் பச்சைப் பருப்பு, 400 முதல் 500 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பருப்பு மென்மையானது, ஊறவைக்கத் தேவையில்லை. மிக்சி வலுக்குறைந்ததாக இருந்தால் மட்டும் 2 மணி நேரம் ஊறட்டும். முதலில் கால் பங்குத் தண்ணீரில் விழுதாக அரைத்து, பிறகு மீதியை ஊற்றி 2 நிமிடம் ஓட்டுங்கள். எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் பருப்புத் துண்டுகள் பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நைசாக அரைபட்டால் வடிகட்டவும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். மேலே கொழுப்பு ஆடையாகப் பிரிந்து நிற்கும், அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை, குலுக்கி ஊற்றலாம். கொதிக்கவைத்தால்தான் திரியும், ஆவி பறக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.